மடக்குக் கைபேசியை மதிப்பிடுவது எப்படி?

ஒரு கருவியின் தகுதியை விலையோ விளம்பரமோ முடிவு செய்வதில்லை. அது நமக்கு எந்த வேலையைச் செய்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஆய்வேடு எழுதும் நண்பர் சிலர், கவனச் சிதறலுக்கு அஞ்சி, தொடுதிரைக் கைபேசியைத் துறந்து மடக்குக் கைபேசிக்கு மாறலாமா என எண்ணுகின்றனர். அவர்களுக்காக இக்கருவியைச் சற்று ஆராய்வோம்.

மடக்குவது அழகுக்காக மட்டுமன்று. பேசும்போது கருவி காதுக்கும் வாய்க்கும் எட்ட வேண்டும். பேசி முடித்ததும் சட்டைப் பையில் அடங்க வேண்டும். இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்ததாலேயே, மோட்டோரோலா நிறுவனம் 1996இல் வெளியிட்ட ‘ஸ்டார்டாக்’ புகழ் பெற்றது. அதன் எடை 88 கிராம்தான்.

மூடியவுடன் பேச்சு முடிவது எவ்வாறு? பொதுவாக ஒரு பாதியில் சிறு காந்தமும், மறு பாதியில் காந்தப் புலத்தை அறியும் உணரியும் இருக்கும். மூடும்போது காந்தம் நெருங்கிவர, உணரி அதைக் கருவிக்குத் தெரிவிக்கிறது. இரு பாதிகளையும் இணைப்பது கீல் வழியே செல்லும் மெல்லிய நாடாக் கம்பி. ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வது அதுவே. ஆகவே வாங்குமுன் பலமுறை திறந்து மூடி, திரை மினுக்குகிறதா, ஒலி விட்டுவிட்டு வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 2022இல் ரூ. 4,699 விலையில் இந்தியாவில் அறிமுகமான நோக்கியா 2660 ஃபிளிப்பைக் கொள்வோம். உள்திரை 2.8 அங்குலம், மின்கலம் 1450 மில்லி ஆம்பியர்-மணி. தொடுதிரைக் கைபேசிகளில் 5000 இருப்பது சாதாரணம். ஆயினும் இது பல நாள் தாங்குகிறது, ஏனெனில் 6.5 அங்குலத் திரையின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே ஒளியூட்ட வேண்டியுள்ளது; பின்னணியில் ஓடும் செயலிகளும் இல்லை. மின்கலத்தை நாமே கழற்றி மாற்றலாம். கேமரா 0.3 மெகாபிக்சல்தான், கரும்பலகைக் குறிப்பைப் படமெடுக்க உதவாது.

வேறு இரண்டையும் கவனிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பு இல்லை. ஆகவே 4ஜி வழியே பேச இயலாத கருவியில் அதன் சிம் பயன்படாது. அடுத்து, தமிழ்க் குறுஞ்செய்தி. ஒரு செய்திக்கு 140 பைட்டே இடம். ஆங்கிலத்தில் 160 குறியீடுகள் அடங்கும். யூனிகோடு தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள். எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று கடையிலேயே சோதித்துக்கொள்க.

இழப்புகளும் உண்டு. இந்த நோக்கியாவில் வாட்ஸ்அப் இயங்காது. துறையின் அறிவிப்பு அங்கேதான் வருமென்றால், அது நமக்கு வந்து சேராது. பணம் செலுத்த, ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிவைத்த யுபிஐ 123பே உண்டு. எண்ணை அழைத்துக் குரல்வழியே செலுத்தலாம். ஆனால் உணவகத்தில் வரிசை நிற்கும்போது அதற்குப் பொறுமை வேண்டும்.

எனவே நம் முடிவு இது: ஒரே கருவியாக மடக்குக் கைபேசி மாணவருக்குப் போதாது. வேறொரு எண்ணுடன், வீட்டாரும் நெறியாளரும் மட்டும் அழைக்கும் இரண்டாம் கருவியாகக் கொண்டால் நன்று. தொடுதிரை விடுதி அறையில் இருக்கட்டும். நூலகத்துக்கு இது வரட்டும். ஊரிலிருந்து அம்மா அழைத்தால் மணி ஒலிக்கும், வேறெதுவும் அழைக்காது.