எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது?

இரவு மணி 9. தாம்பரத்தில் ஒரு வீடு. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

"எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம். ஆட்டோவைக் கூப்பிடு" என்கிறார் அப்பா.

"காய்ச்சல்தானே! விடியட்டும், பார்க்கலாம்" என்கிறாள் பாட்டி.

தாய் என்ன செய்வாள்? தவிக்கிறாள்.

இந்தத் தவிப்பு எல்லா வீட்டிலும் உண்டு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. எந்த நோயையும் மூன்றாகப் பிரியுங்கள். இப்போதே, இன்றே, நாளை. அவ்வளவுதான்!

இப்போதே!

நெஞ்சு வலிக்கிறது. வியர்த்துக் கொட்டுகிறது. "வாயுக் கோளாறு" என்று சோடா வாங்கிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது மாரடைப்பாக இருக்கலாம்!

வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சு குழறுகிறது. அது பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். தாமதித்தால் பயன் இல்லை.

மூச்சுத் திணறல், வலிப்பு, நிற்காத ரத்தம், பாம்புக்கடி, விபத்து. இவையும் அப்படியே.

உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டு முதல் ஓடும் இலவச ஆம்புலன்ஸ் இது. வண்டியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும்.

இன்றே!

நாய் கடித்துவிட்டது. உயிர் இப்போதே போய்விடாது. ஆனால் நாளைக்குத் தள்ளவும் கூடாது.

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஊசி போடுங்கள். சொன்ன தேதிகளில் மற்ற ஊசிகளையும் தவறாமல் போடுங்கள். வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை!

தையல் போடவேண்டிய காயம், கை சுளுக்கு, ஓயாத வாந்தி பேதி. இவையும் அன்றே பார்க்க வேண்டியவை. அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரியோ, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமோ போதும்.

நாளை!

சளி, லேசான காய்ச்சல், சொறி சிரங்கு, ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை. இவற்றுக்குப் பட்டணத்துக்கு ரெயில் ஏறவேண்டாம். நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் 2023-ம் ஆண்டு திறக்கப்பட்டன. காலையிலும் மாலையிலும் டாக்டர் பார்க்கிறார். வேலைக்குப் போகிறவர்கள் கூலியை இழக்காமல் மாலையில் போய் வரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைச் சோதியுங்கள். காசு கிடையாது. தாம்பரம் சானடோரியம் நெஞ்சக ஆஸ்பத்திரி அதற்கென்றே பெயர் பெற்றது. 1928-ம் ஆண்டு டாக்டர் சவுரி முத்து தொடங்கியது அது.

எந்த வகை என்று தெரியவில்லையா? 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

அந்தக் குழந்தை?

சரி, தாம்பரம் வீட்டுக்குத் திரும்புவோம்.

குழந்தை பால் குடிக்கிறதா? முகம் பார்த்துச் சிரிக்கிறதா? அப்படியானால் பாட்டி சொன்னது சரி. டாக்டர் முன்பே சொன்ன அளவில் காய்ச்சல் மருந்து கொடுங்கள். காலையில் பக்கத்து மையத்தில் காட்டுங்கள்.

குடிக்க மறுக்கிறதா? துவண்டு கிடக்கிறதா? வேகமாக மூச்சு வாங்குகிறதா? வலிப்பா? பிறந்து மூன்று மாதம் ஆகாத பிள்ளையா? அப்படியானால் விடியக் காத்திருக்கக் கூடாது. அப்பாவின் அவசரம் சரி.

ஆனால் அவர் சொன்ன இடம் சரியல்ல. எழும்பூர் 25 கிலோ மீட்டர். முதல் சிகிச்சை அருகில் உள்ள ஆஸ்பத்திரியில் கிடைக்கவேண்டும். தேவை என்றால் அவர்களே எழும்பூருக்கு அனுப்புவார்கள்.

இன்னொன்று. டெங்கு காலத்தில் காய்ச்சல் விட்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அப்போதுதான் ஆபத்து தலைகாட்டும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே ஓடுங்கள்.

108, 104. இந்த இரண்டு எண்களையும் இன்றே சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் போன் செய்யப் போவது அவனாகவும் இருக்கலாம்!