தேகப் பயிற்சியும் போர்க்கலைப் பயிற்சியும்

உடலுறுதி உடையவன் எவ்விளையாட்டிலும் வல்லவனாவான் என்பது பலரது எண்ணம். நாள்தோறும் ஆறு மைல் ஓடுபவனும், பாரந்தூக்கிப் புயத்தைத் திரட்டியவனும் போர்க்கலைக் களத்திற் புகுந்தால் எளிதில் வெல்வர் என அவர்கள் கருதுவர். ஆயின், களத்திற் காண்பது வேறு. ஓட்டத்திற் களைப்பறியாதவன், எதிரியின் மேலங்கியைப் பற்றி இழுக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கை சோர்ந்து நிற்கின்றான். இதற்குக் காரணம் யாது? பொதுவான உடலுறுதியாற் பயனில்லையா? யப்பானியக் கலையாகிய யூடோவை எடுத்துக்கொண்டு நோக்கின், இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைக்கும்.

உடல், தன்மீது சுமத்தப்படும் வேலைக்கு ஏற்பவே இசைவாக்கம் அடைகின்றது. ஓடுபவனின் இதயம் வலிமை பெறுகின்றது. ஒருமுறை சுருங்கும்போது முன்னையிலும் மிகுதியான குருதியைச் செலுத்துகின்றது. இந்நன்மை அவன் செய்யும் பிற வேலைகளுக்கும் ஓரளவு உதவும். ஆனால், கால் தசைகள் பெற்ற பழக்கம் கைவிரல்களுக்குச் செல்வதில்லை. பற்றும் வலிமை பற்றுவதாலும், எதிரியைத் தூக்கித் திருப்பும் வலிமை தூக்கித் திருப்புவதாலுமே முழுமையாக வளரும்.

தசைகளுக்கு வேண்டிய சத்தி மூன்று வழிகளிற் கிடைக்கின்றது. திடீரெனப் பாய்ந்து எதிரியை எறியும் வேளையில், தசையிற் சேமிக்கப்பட்டுள்ள கிரியற்றீன் பொசுபேற்று உடனே உதவுகின்றது; அது சில விநாடிகளுக்கே போதும். கடும் முயற்சி மேலும் நீடித்தால், ஒட்சிசனின் உதவியின்றி வெல்லச்சத்து உடைக்கப்பட்டுச் சத்தி பெறப்படும். இதுவும் நெடுநேரம் தாங்காது. மூன்றாவது வழி, ஒட்சிசனைக் கொண்டு மெதுவாக, ஆயின் நீண்ட நேரம், சத்தியை வழங்குவது.

இக்காலத்து யூடோப் போட்டிக்குரிய நேரம் 4 நிமிடம். அதற்குள் வெற்றி தோல்வி தீராவிடின், தீருமட்டும் போட்டி நீளும். வீரர் சில விநாடிகள் முழு மூச்சாகப் போராடுவர், நடுவர் நிறுத்தும்போது சற்றே மூச்சு வாங்குவர், மீண்டும் மோதுவர். மோதும் கணத்தில் முதலிரு வழிகளும் முதன்மை பெறுகின்றன. அச்சிறு இடைவேளையில் இழந்ததை மீட்டுத் தருவதோ மூன்றாவது வழியே. ஆதலின், பொதுவான தேகப் பயிற்சி வெற்றியைத் தானே தேடித் தருவதன்று. வெற்றிக்கான முயற்சியை மீண்டும் மீண்டும் செய்ய இடந்தருவது எனலாம்.

1882ஆம் ஆண்டில் யூடோவைத் தோற்றுவித்த யிகோரோ கானோ, இளமையில் மெலிந்த உடலினர். வலிமையைச் சிக்கனமாகவும் திறம்படவும் பயன்படுத்த வேண்டும் என்பதே அவரது கொள்கை. அவர் வகுத்த முறையிற் பலர், நுட்பமே போதும், பாரந்தூக்குதல் உடலை விறைக்கச் செய்யும் என அஞ்சினர். 1961இல் பாரிசில் நடந்த உலகப் போட்டியில் ஒல்லாந்தரான அன்ரன் கீசிங் வெற்றி பெற்றமை அவ்வெண்ணத்தை அசைத்தது. 198 சென்ரிமீற்றர் உயரமுடைய அவர், பாரந்தூக்குதல், ஓட்டம் முதலியவற்றால் உடலை உரமேற்றியவர். 1964இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் யூடோ முதன்முறையாக இடம்பெற்றபோது, எல்லா எடையினருக்குமான பிரிவில் யப்பானியரான அக்கியோ கமினாகாவையும் அவர் வென்றார். எனினும், உருவப் பருமனே அவரை வெல்வித்தது எனல் தவறு. அவர் யப்பானிலும் தங்கிக் கலையைக் கற்றவர். அன்று அவர் வென்றதும் நிலத்தில் எதிரியை அடக்கும் நுட்பமான பிடியினாலேயாம்.

அதே ஒலிம்பிக்கிற் பாரப் பிரிவில் வென்ற இசாவோ இனோகுமாவின் வரலாறு மறுபுறத்தைக் காட்டுகின்றது. 173 சென்ரிமீற்றர் உயரமே உடைய அவர், அமெரிக்கரான டொன் டிரேகரின் வழிகாட்டலிற் பாரப் பயிற்சி பெற்றார். இறுதிப் போட்டியில் தம்மினும் மிகப் பெருத்த கனடா வீரரை அவர் வென்றார். நுட்பத்தில் ஏற்கெனவே தேர்ந்தவருக்கு வலிமை துணைசெய்தது. நுட்பத்தின் இடத்தை அது பிடித்துக்கொள்ளவில்லை.

இவற்றிலிருந்து பயிற்சியின் ஒழுங்கு புலனாகும். புதிதாகத் தொடங்கும் இளைஞனுக்கு ஓட்டம், தண்டால், குந்தி எழுதல் முதலியன அடித்தளமாக அமையும். அவற்றோடு, முதல் நாள் தொட்டே பாதுகாப்பாக விழும் முறையையும் அவன் கற்றல் வேண்டும். விழத் தெரியாத வலியவன் தோளையும் மணிக்கட்டையும் முறித்துக்கொள்வான். மறுபுறம், களைத்த வீரனுக்குக் கற்ற நுட்பமும் கைகொடாது. கழுத்தை நிலத்திற் குத்தி விழும் ஆபத்தும் உண்டு. இருவகைப் பயிற்சியையும் வற்புறுத்துவதற்கு வெற்றியினும் இதுவே பெரிய காரணம்.

போட்டி நெருங்க நெருங்க, பொதுப் பயிற்சியைக் குறைத்துக் கலைக்குரிய பயிற்சியை மிகுத்தல் முறை. எறியும் அசைவைத் துணைவனோடு பலமுறை விரைந்து செய்தல், பழைய மேலங்கியை உயரத்திற் கட்டி அதனைப் பற்றித் தொங்குதல், போட்டி நேர அளவிலே மோதி இளைப்பாறி மீண்டும் மோதுதல் ஆகியன அவ்வகையின. இறுதி நாட்களில் ஓய்வும் பயிற்சியின் பகுதியே ஆகும். ஓய்வின்போதே உடல் தன்னைச் செப்பனிடுகின்றது.

உழுது பண்படுத்தாத நிலத்தில் விதை முளைப்பது அரிது. உழுதுவிட்டு விதையாதவனுக்கோ விளைச்சலே இல்லை. பொதுவான தேகப் பயிற்சி உழவு போன்றது. கலைக்குரிய பயிற்சி விதைப்புப் போன்றது. இரண்டையும் காலமறிந்து செய்பவனே பயன் பெறுவான்.