பூனைக்குச் சோறிடும் முன்

முல்லையாற்றுப் பாசனத்தில் இரு போகம் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் பூனைக்கு என்றுமே வேலை உண்டு. வீரபாண்டியிலும் சின்னமனூரிலும் நெல் மூட்டை அடுக்கிய வீடுகளில் எலிக்குக் காவல் பூனைதான். அதற்குக் கூலி, மதியம் மிஞ்சிய குழம்புச் சோறு. நாம் உண்பதைத்தானே கொடுக்கிறோம், அதில் என்ன கெடுதல் என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் உடல் வேறு, பூனையின் உடல் வேறு.

சாம்பாருக்கும் மீன் குழம்புக்கும் உயிர் கொடுப்பது சின்ன வெங்காயம். அதன் மணமும் காரமும் கந்தகச் சேர்மங்களால் வருபவை. இவை குருதியில் கலந்ததும் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஈமோகுளோபினைத் தாக்குகின்றன. ஈமோகுளோபின் மூலக்கூறில் இத்தாக்குதலுக்கு எளிதில் இடந்தரும் கந்தகத் தொகுதிகள் சில உண்டு. மனிதனுக்கு இரண்டு, நாய்க்கு நான்கு, பூனைக்கோ எட்டு! தாக்கப்பட்ட ஈமோகுளோபின் திரிந்து, சிவப்பணுவின் ஓரத்தில் சிறு உருண்டையாக ஒட்டிக் கொள்கிறது. 1890ஆம் ஆண்டில் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் இதனை ஹைன்ஸ் உருண்டை என்பர். இவ்வாறு பழுதான அணுக்கள் உடைந்து அழிய, பூனைக்குச் சோகை உண்டாகிறது.

எவ்வளவு தின்றால் ஆபத்து? உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் குருதியைப் பாதிக்கப் போதும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு 20 கிராம். அதாவது மூன்று நான்கு சின்ன வெங்காயம். ஒரே நாளில் தின்ன வேண்டும் என்பதில்லை. தினமும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் கேடுதான். வேக வைத்தாலும் பொரித்தாலும் நஞ்சு போவதில்லை. பூனை வெங்காயத் துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தின்கிறதே என்று ஆறுதல் கொள்வதிலும் பயனில்லை. சாறு குழம்பில் இறங்கியிருக்கிறது. பூண்டு அதே குடும்பம். எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் கொடியது.

பாதிப்பு உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துப் பூனை சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், மூச்சு விரைவாகும், சிறுநீர் பழுப்பாகவோ செந்நிறமாகவோ போகும். அப்போது உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது இன்னொரு தீங்கு. கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே வழி. தேனி மாவட்டத்திற்கென 2020இல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே தொடங்கப்பட்டிருக்கிறது.

அடுக்களை மாடத்தில் கிடக்கும் பாரசிட்டமால் மாத்திரையும் இதே வழியில்தான் பூனையைக் கொல்கிறது. அம்மருந்தின் நஞ்சை முறிக்கும் நொதி மனிதனின் கல்லீரலில் உண்டு. பூனையிடம் அது செயலற்றுப் போய்விட்டது. பூனைக்குக் காய்ச்சல் என்று பாதி மாத்திரை கொடுப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

பாலும் தயிர்ச்சோறும் மட்டும் கொடுத்தால் தொல்லை இல்லையே எனலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிறு கழியும். அதைவிடப் பெரிய செய்தி டாரின் என்னும் பொருளைப் பற்றியது. நாம் இதை உடலிலேயே ஆக்கிக் கொள்கிறோம். பூனையால் தன் தேவைக்கு ஆக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் நிறைய உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பால் புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைவதைக் கண்டு, டாரின் குறைவே காரணம் என்று காட்டினர். 1987இல் கலிபோர்னியாவில், இதே குறைவு பூனையின் இதயத்தையும் தளர்த்துகிறது என்றும், டாரின் கொடுத்தால் இதயம் தேறுகிறது என்றும் தெரியவந்தது. எலி பிடிக்கும் பூனைக்கு இக்கவலை இல்லை. எலியின் உடலிலேயே டாரின் இருக்கிறதல்லவா? கதவடைத்த வீட்டில் தயிர்ச்சோறு தின்று வாழும் பூனைக்குத்தான் ஆபத்து.

கம்பத்தின் பன்னீர் திராட்சையைப் பற்றியும் ஒரு சொல். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டார்டாரிக் அமிலமே அதற்குக் காரணம் என்று அண்மையில் கருதுகின்றனர்; அவ்வமிலம் புளியிலும் மிகுதி. பூனையைப் பற்றிய சான்றுகள் குறைவு. எனினும் பூனை பழத்தைத் தேடிப் போவது அரிது. இனிப்புச் சுவையை உணரும் மரபணு அதனிடம் பழுதாகியிருப்பதை 2005இல் கண்டறிந்தனர்.

மீன் கொடுக்கலாமா? கொடுக்கலாம்; பச்சையாக வேண்டாம். கெண்டை இன மீன்களின் உடலில் தயமின் என்னும் வைட்டமினை அழிக்கும் நொதி ஒன்று உள்ளது. நாள்தோறும் பச்சை மீன் தின்னும் பூனை அந்த வைட்டமின் குறைந்து, கழுத்து மடிந்து தலை தொங்கி, தள்ளாடத் தொடங்கும். வெந்தால் இந்த நொதி அழிந்துவிடும். ஆகவே குழம்பு கூட்டும் முன்பே இரண்டு துண்டு மீனைத் தனியே எடுத்து, உப்பும் காரமும் வெங்காயமும் இல்லாமல் வெறும் நீரில் அவித்து, முள் நீக்கிப் போட்டால் போதும்.