தென் பிரான்ஸில் படிக்கப் போகிறீர்களா? சீட் கிடைத்தால் மட்டும் போதாது... ஜூனில் தங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்!

நீஸ் நகரில் விமானம் தரையிறங்கும்போது, சக்கரம் கடலில்தான் படப்போகிறதோ என்று தோன்றும். ஓடுபாதை அந்த அளவுக்குக் கடலை ஒட்டி இருக்கிறது. வெளியே வந்து ட்ராம் ஏறினால் நேராக ஊருக்குள் போய்விடலாம். பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லைக்கு அருகில் இருக்கும் இந்த ஊரில் ஆண்டுக்கு சுமார் 2,700 மணி நேரம் வெயில் அடிக்கிறது. ஐரோப்பா என்றாலே பனி என்று நினைத்து பெட்டி முழுக்க ஸ்வெட்டர் அடுக்கிப்போகும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது இன்ப அதிர்ச்சி!

ஆனால், அந்த வெயிலுக்கும் ஒரு விலை உண்டு. அது ஜூன் மாதத்தில்தான் தெரியும்.

என்ன படிக்கலாம்?

1965-ல் தொடங்கப்பட்ட நீஸ் பல்கலைக்கழகம், 2020 முதல் 'கோத் தஸ்யூர் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் இயங்குகிறது. நீஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் சோஃபியா ஆன்டிபோலிஸ் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. 1969-ல் உருவான இங்கே ஐடி நிறுவனங்களோடு யூரேகாம், ஸ்கேமா போன்ற கல்வி நிறுவனங்களும் உள்ளன. ஆங்கிலத்திலேயே படிக்கக்கூடிய முதுகலைப் படிப்புகளும் உண்டு.

அரசுப் பல்கலைக்கழகங்களில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு முதுகலைக் கட்டணம் ஆண்டுக்கு 4,000 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. தனியார் பிசினஸ் ஸ்கூல்களில் இது பல மடங்கு அதிகம்.

ஒன்பது மாத வீடு

நீஸ் சுற்றுலாவை நம்பி வளர்ந்த ஊர். 19-ம் நூற்றாண்டில் குளிர்காலத்தைக் கழிக்க ஆங்கிலேயப் பணக்காரர்கள் இங்கே வந்தார்கள். புகழ்பெற்ற கடற்கரைச் சாலைக்கே 'ஆங்கிலேயர்களின் உலாச்சாலை' என்றுதான் பெயர். இப்போது கூட்டம் அலைமோதுவது கோடையில். மாணவர் கொடுக்கும் ஒரு மாத வாடகையை, சுற்றுலாப் பயணிகளிடம் சில நாள்களிலேயே வாங்கிவிட முடியும் என்பது வீட்டு உரிமையாளர்களுக்குத் தெரியும்.

பிரான்ஸில் மாணவர்களுக்கென்றே ஒன்பது மாத வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. அது தானாகப் புதுப்பிக்கப்படாது. செப்டம்பரில் குடியேறினால், மே மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு கோடை முழுக்க அந்த வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு!

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதுகலை மாணவர்கள் பலருக்கு இன்டர்ன்ஷிப் வசந்த காலத்தில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை நீளும். வேலை பாதியில் இருக்கும்போது, ஊரிலேயே வாடகை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், பெட்டியும் கையுமாக வேறு அறை தேட வேண்டியிருக்கும். அப்பா அம்மா கணக்குப்போட்டு அனுப்பிய பணத்தில் இந்தச் செலவு இருக்காது. விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்டினால் போதும். ஆனால், நீஸில் ஒரு சின்ன ஸ்டூடியோ வாடகைக்கே அதில் பெரும்பகுதி போய்விடும்.

கிளம்பும் முன்பு கவனிக்க வேண்டியவை

• வீடு பேசும்போதே, 'ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது?' என்று கேளுங்கள். ஃபர்னிச்சரோடு கூடிய வீட்டுக்கு ஓராண்டு ஒப்பந்தமும் போடலாம். முன்னதாகக் கிளம்ப நேர்ந்தால், ஒரு மாதம் முன்பு நோட்டீஸ் கொடுத்தால் போதும்.

• இப்படிப்பட்ட வீட்டுக்கு அட்வான்ஸாக இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. வீட்டையோ ஒப்பந்தத்தையோ பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

• உரிமையாளர்கள் உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பார்கள். அங்கே தெரிந்தவர்கள் இல்லாத மாணவர்களுக்கு 'விசால்' என்ற இலவச உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

• சோஃபியா ஆன்டிபோலிஸில் படிப்பவர்கள், நீஸை விடப் பக்கத்தில் இருக்கும் ஆன்டீப் பகுதியிலும் வீடு தேடலாம்.

• மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். கோடையில் ஹோட்டல், உணவகங்களில் ஆள் தேவைப்படும். ஆனால், வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வாடிக்கையாளர் பேசுவது ஃப்ரெஞ்ச்தான். சென்னை, புதுச்சேரி அலியான்ஸ் ஃபிரான்சேஸில் முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் வீடு பேசவும் உதவும்.

• போய்ச் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் விசாவை ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர்கள் இலவசமாகச் சேரலாம்.

மற்றபடி, ரசிக்க நிறைய இருக்கிறது. மெரினா மாதிரி மணல் இருக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட வேண்டாம். கரை முழுக்கக் கூழாங்கற்கள்தான். பசித்தால் பழைய நகரத்துச் சந்துகளில் 'சொக்கா' கிடைக்கும். கடலை மாவைக் கரைத்து, பெரிய தட்டில் ஊற்றி, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். தோசைக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்!

அட்மிஷன் கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'எப்போ கிளம்பணும்?' அதோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: 'ஜூன்ல எங்கே தங்கப்போறே?'