மொசார்ட் கேட்டால் கணக்கு வருமா?

1998 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், சட்டமன்றத்தில் பீத்தோவன் இசையை ஒலிக்கவிட்டார். மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத் தட்டு ஒன்று இலவசம். அதற்கு 1,05,000 டாலர் வேண்டும் என்றார். இசை கேட்கும் குழந்தைக்குக் கணக்கு நன்றாக வரும் என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கைக்கு வித்து, 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த சின்னக் கட்டுரை. பிரான்சிஸ் ரௌஷர் குழுவினர் 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மொசார்ட் கேட்கவைத்து, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி விரியும் என்பதுபோன்ற கேள்விகளைக் கேட்டார்கள். மதிப்பெண் கூடியது; கால் மணி நேரத்துக்குள் பலன் மறைந்தும் போனது. அந்த ஆய்வில் கைக்குழந்தையும் இல்லை, கணக்குப் பாடமும் இல்லை. ஆனால் 'மொசார்ட் விளைவு' என்ற பெயரில் வியாபாரம் அமோகமாக நடந்தது.

இசையைக் கேட்பதோடு நிற்காமல் கற்றுக்கொண்டால்? லாஸ் ஏஞ்சலிஸில் ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியமும் வகுப்பும் இலவசமாகத் தரும் 'ஹார்மனி பிராஜெக்ட்' அமைப்பில் நரம்பியலாளர் நீனா கிராஸ் இதைச் சோதித்தார். பிள்ளைகளில் ஒரு பகுதியினர் உடனே வகுப்பில் சேர, மற்றவர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். தலையில் மின்வாய்களைப் பொருத்தி, நெருங்கிய இரண்டு பேச்சொலிகளை மூளை எப்படிப் பிரித்தறிகிறது என்று பதிவு செய்தார்கள். அந்த ஒலிகளுக்குள் உள்ள வேறுபாடு, நொடியில் நூறில் சில பங்குக்குள் முடிந்துவிடும். அதைப் பிடிக்கத் திணறும் பிள்ளை வாசிக்கவும் திணறுவது உண்டு. ஓராண்டு வகுப்புக்குப் பின் மாற்றமே இல்லை. இரண்டாம் ஆண்டு முடிந்தபோதுதான் மூளையின் பதிவு கூர்மையாகியிருந்தது. 2014இல் வெளியான இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒரு பருவத்துக்கு மட்டும் பாட்டு வாத்தியாரை அழைத்துவிட்டு நிறுத்திவிடும் பள்ளிகள் இதைப் படிக்க வேண்டும்.

இசை நேரடியாகப் பழக்குவது காதை. அங்கே பலன் தெரிவதில் வியப்பில்லை. கணக்குக்கும் பொது அறிவாற்றலுக்கும் அது தாவுமா என்பதுதான் சிக்கல். ஜொவான்னி சாலாவும் ஃபெர்னான்ட் கோபேவும் 2020இல் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளின் முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கறாராக நடத்திய ஆய்வுகளில் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். பள்ளியில் இசைக்கு இடம் கேட்டு வாதாடுகிறவர்கள் கணக்கு மதிப்பெண்ணைச் சாட்சிக்கு அழைக்காமலிருப்பது நல்லது; குறுக்கு விசாரணையில் அது நிற்காது.

இசை அறிவாற்றலைக் கூட்டும் என்போர் எப்போதும் காட்டுவது, கனடாவில் கிளென் ஷெல்லன்பர்க் 144 ஆறு வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வை. இசை கற்றவர்களின் ஐ.க்யூ. மற்றவர்களைவிடச் சுமார் மூன்று புள்ளி கூடுதலாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் ஒப்பீட்டுக்காக மட்டும் ஒரு குழுவுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறரோடு இணங்கிப் பழகுவதில் முன்னேறியவர்கள் அந்த நாடகப் பிள்ளைகள் மட்டுமே. அந்தக் கட்டுரையின் தலைப்பில் நாடகம் இல்லை, ஐ.க்யூ. இருக்கிறது.