மோட்டார் காயில் கருகும் முன் மூன்று எண்களைக் குறித்து வையுங்கள்

நவரை நெல் தொண்டைக்கதிரில் நிற்கும் நேரத்தில் மோட்டார் காயில் கருகினால் என்ன ஆகும் என்பது பாகூர், வில்லியனூர் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மோட்டாரைக் கழற்றி, புதுச்சேரி நகரத்துக்கு எடுத்து வந்து, காயில் கட்டித் திரும்ப மாட்டுவதற்குள் வயல் வெடித்துவிடும். பழி முழுவதும் 'லோ வோல்டேஜ்' மேல் விழும். பல நேரம் அது உண்மைதான். ஆனால் மீட்டர் பலகை வரை மின்சாரம் சரியாக வந்து, அங்கிருந்து மோட்டார் போகும் ஒயரில் தொலைந்துபோவதும் உண்டு. எது என்று கண்டுபிடிக்கப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மின்னழுத்தம் வோல்ட், மின்னோட்டம் ஆம்பியர், மின்தடை ஓம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது திறன். (இந்த மூன்று அலகுகளையும் உலகம் ஏற்றது 1881இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாட்டில். ஆம்பியர் ஒரு பிரெஞ்சுக்காரர், புதுச்சேரிக்கு ஒரு வகையில் பழைய உறவு!)

இப்போது ஒரு கணக்கு. மல்லித் தோட்டத்தில் ஒற்றை முனை மின்சாரத்தில் ஓடும் 1.5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். மீட்டர் பலகையிலிருந்து 100 மீட்டர் தூரம். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர். மோட்டார் ஓடும்போது பலகையில் 228 வோல்ட், மோட்டார் முனையில் 210 வோல்ட், ஓட்டம் 9 ஆம்பியர். வழியில் தொலைந்தது 18 வோல்ட். அதை 9ஆல் வகுத்தால் ஒயரின் தடை 2 ஓம். 18ஐ 9ஆல் பெருக்கினால் 162 வாட். தண்ணீர் இறைக்காமல் ஒயரைச் சூடாக்கியே வீணாகும் திறன் இது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒயருக்கு 2 ஓம் நியாயமா? செம்பு ஒயரின் மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து 0.0175ஆல் பெருக்கி, சதுர மி.மீ. அளவால் வகுக்க வேண்டும். போக 100, வர 100, ஆக 200 மீட்டர். விடை 1.4 ஓம். மீதி 0.6 ஓம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் டேப் சுற்றிய ஏதோ ஒரு ஜாயின்ட்டில், அல்லது தளர்ந்த பியூஸ் கேரியரில். 9ஐ 9ஆல் பெருக்கி 0.6ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 49 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி இரண்டு உங்கள் ஒயருக்குள் எரிந்துகொண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரக் காற்றின் உப்பு ஜாயின்ட்டை அரிக்கும். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கிய இடம் இன்னும் சீக்கிரம் கெடும்.

ஜாயின்ட்டைச் சரிசெய்தால் மோட்டாருக்கு 215 வோல்ட் வரும். ஒயரையே 4 சதுர மி.மீ.க்கு மாற்றினால் 220. விலை குறைவு என்று அதே கனத்தில் அலுமினியம் வாங்கினால் தடை செம்பைப் போல் 1.6 மடங்கு ஆகிவிடும்.

வோல்ட் குறைந்தால் ஓட்டமும் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. பல்புக்கு அது சரி. பம்ப் மோட்டாரோ அதே தண்ணீரைத் தள்ள அதிக ஆம்பியர் இழுக்கும். ஓட்டம் 20 சதவீதம் கூடினால், காயிலில் சூடு 44 சதவீதம் கூடும். சூடு ஓட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதுதான் காரணம். காயில் கருகுவது இப்படித்தான்.

இன்னொரு குழப்பம். 210ஐ 9ஆல் வகுத்தால் 23 வருகிறது. ஆனால் மல்டிமீட்டரை வைத்தால் காயில் சில ஓம்தான் காட்டும். ஷார்ட் ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். மாறுதிசை மின்சாரத்தைக் காயிலின் காந்தப் புலமும் எதிர்க்கும். மல்டிமீட்டருக்குக் கம்பியின் தடை மட்டுமே தெரியும். இதே காரணத்தால் மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் வாட் வராது. திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். அது மோட்டாரின் தகட்டில் இருக்கும், இல்லாவிட்டால் 0.8 என்று கொள்ளலாம்.

ஆழ்துளைக் கிணற்றின் மும்முனை மோட்டாருக்கு 1.732ஐயும் சேருங்கள். 415 வோல்ட், 8.5 ஆம்பியர், 0.8 என்றால் சுமார் 4,890 வாட். 5 எச்.பி. என்பது தண்டில் கிடைக்கும் 3,730 வாட் (ஒரு எச்.பி.க்கு 746). மீதி மோட்டாருக்குள்ளேயே சூடாகப் போகிறது. மூன்று முனைகளின் ஆம்பியரும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து ஏறினால் மோட்டாரை நிறுத்தி வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ஆம்பியர் பார்க்க டாங் டெஸ்டர் போதும், ஒயரை வெட்ட வேண்டாம். ஒரு ஒயரை மட்டும் அதன் வாய்க்குள் விடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். மோட்டாரைப் போட்டவுடன் முள் ஐந்தாறு மடங்கு எகிறும், அது அடங்கிய பிறகு படியுங்கள். வோல்ட் அளவை வயர்மேனை வைத்தே எடுங்கள்; ஈரக் காலோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்காதீர்கள். பலகை வோல்ட், மோட்டார் வோல்ட், ஆம்பியர் மூன்றையும் தேதியோடு பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்து, அடுத்த பட்டத்துக்கு முன் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். நீர்மூழ்கி மோட்டாரின் முனையை எட்ட முடியாது. பலகையிலும் ஸ்டார்ட்டரிலும் எடுத்தால் போதும், குழாய்க்குள் இறங்கும் கேபிளைக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.