மருந்தே நஞ்சானால்?

பிணி தீர்ப்பதற்காக உட்கொண்ட மருந்தே சிலருக்குப் பிராணாபாயத்தை விளைவித்து விடுகிறது. முதலில் ஜுரமும் கண்ணெரிச்சலும் தோன்றும். பின்னர் மேனியெங்கும் செந்தடிப்புகள் எழுந்து, கொப்புளமாகி, வெந்நீர் பட்டாற்போல் தோல் உரியும். வாயும் கண்ணும் புண்ணாகும். 1922-ல் அமெரிக்க வைத்தியர்களான ஸ்டீவன்ஸ், ஜான்ஸன் இருவரும் இந்நோயை விவரித்தனர். உடலில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் தோல் உரியும் கொடிய வகையை 1956-ல் பிரிட்டிஷ் வைத்தியர் லையெல் எடுத்துரைத்தார். அவ்வகையால் பீடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மாண்டு போகின்றனர்.

இது எங்கோ நடக்கும் சங்கதியன்று. 1998-ல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த அனுராதா ஸாஹா என்னும் மாதரசி இந்நோய்க்கே பலியானார். ஸ்டீராய்டு மருந்து அளவு மீறிச் செலுத்தப்பட்டதை ஆராய்ந்த சுப்ரீம் கோர்ட்டு, 2009-ல் வைத்தியத்தில் அசிரத்தை நேர்ந்ததென்று முடிவு செய்தது. 2013-ல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. பதினைந்து வருஷம் போராடிப் பெற்ற அந்த நீதியும் போன உயிரை மீட்கவில்லை.

ஆகவே, காலத்தில் நோயை அறிவதே பிரதானம். காக்காய் வலிப்புக்குத் தரும் கார்பமசிபைன், பெனிடாயின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், ஸல்பா மருந்துகள் ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. மருந்து தொடங்கிய 4 நாள் முதல் 28 நாட்களுக்குள் நோய் தலைகாட்டுவது வழக்கம். ஆனால், குழந்தைகளைப் பற்றும் கிருமி விஷத்தாலும் இவ்வாறே தோல் உரிவதுண்டு. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் மயக்கும். இங்கேதான் பயாப்ஸி கைகொடுக்கிறது. தோலில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, உறையவைத்துச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு மணி நேர அளவில் உண்மை வெளியாகும். மருந்தினால் வந்த நோயில் மேல்தோல் முழுவதுமே செத்துக் கிடக்கும். கிருமி விஷத்தினால் வந்ததில் மேற்பரப்பு மட்டுமே பிளந்திருக்கும். பின்னதில் உயிர் காக்கும் கிருமிக்கொல்லி மருந்தே முன்னதில் யமனாகவும் கூடுமன்றோ? எனினும், சந்தேகம் தோன்றியவுடன் காரணமான மருந்தை வைத்தியர் நிறுத்திவிட வேண்டும். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது.

விஞ்ஞானத்துக்கு வாரி வழங்குவது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. 1948-ம் வருஷம் ஜூலை 25-ந் தேதி காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிசாலைக்குப் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் ஈந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். சிவகங்கையில் 2012 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. காரைக்குடியில் எடுத்த தோல் துணுக்கை அங்கே இரவு பகல் எந்நேரமும் பரிசோதித்து, அன்றே விடை கூற வழி செய்ய வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

தேச ஊழியர்கள் இதைச் சர்க்காரிடம் வற்புறுத்துவதோடு நின்றுவிடலாகாது. மருந்தின் தீய விளைவுகளைப் பதிவு செய்ய இந்திய சர்க்கார் 2010-ல் ஒரு திட்டம் வகுத்தது; 1800-180-3024 என்னும் இலவச டெலிபோனில் எவரும் அறிவிக்கலாம். இதைக் கிராமந்தோறும் சொல்லுங்கள். புது மருந்துக்குப் பின் ஜுரத்தோடு தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால், அக்கணமே மருந்துச் சீட்டுடன் ஆஸ்பத்திரிக்குச் செல்லும்படி ஜனங்களுக்கு அறிவுறுத்துங்கள். ஏழையின் உயிரைக் காக்கும் பணியும் சுயராஜ்யப் பணியே.